வால்வு இருக்குதாம்

என் மகன் பிறந்த மூன்றாம் நாள் காலை, திண்டுக்கல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் சொந்தபந்தம் அத்தனைக்கும் போன் போட்டுச் சொன்ன நல்ல சேதி இதுதான்: "யாரும் பயப்படாதீக. புள்ளைக்கு வால்வு இருக்குதாம். டாக்டரம்மாவே சொல்லிட்டாக." சொன்னதோடு நிற்காமல் கீழே இறங்கிப் போய் ஜிலேபி வாங்கி வந்து வார்டில் இருந்த எல்லாருக்கும் நீட்டினார். நர்ஸ் பெண் மட்டும் வாங்கவில்லை. "எதுக்குண்ணே இது?" என்றாள். "அதான் வால்வு இருக்குல்லம்மா" என்றார் இவர். அந்தப் பெண் அவரை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அந்த ஜிலேபி புரியும். இவர் மோட்டார் மெக்கானிக். அகரம், தாடிக்கொம்பு சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் தண்ணீர் நின்றாலும் இவருக்குத்தான் போன் வரும். போய் இறங்கியதும் இவர் கேட்கும் முதல் கேள்வி, "அடியில வால்வு இருக்கா?" கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஃபுட்வால்வு இருந்தால்தான் ஏறிய தண்ணீர் திரும்பவும் கிணற்றுக்கே இறங்காமல் நிற்கும். அது இல்லாவிட்டால் மோட்டார் வெறும் காற்றைக் குடித்துவிட்டுக் கத்திக்கொண்டிருக்கும். அதனால் இவர் அகராதியில் வால்வு என்றாலே நல்ல வார்த்தை. கல்யாணமான புதிதில் என்னிடம், "வால்வும் பொண்டாட்டியும் ஒண்ணு புள்ள. இருக்கும்போது தெரியாது, இல்லேன்னா சொட்டுத் தண்ணி நிக்காது" என்றார். அதை என்னைப் புகழ்ந்ததாகவே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் ஒட்டன்சத்திரத்துக்காரி. எங்கள் பக்கத்துப் பேச்சில் 'ங்க' இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. "உங்க ஊர்ல நாய விரட்டுறதா இருந்தாலும் 'போங்க'ன்னுதான் விரட்டுவீகளோ?" என்று இவர் என்னைக் கேலி செய்வார். கோபம் வந்தாலும் எனக்கு அந்த 'ங்க' விட்டுப் போகாது. கோபம் எனக்கு அடிக்கடி வரும்.

பிரசவத்துக்கு நான் தாய்வீடு போகவில்லை. அம்மா காலை ஒடித்துக்கொண்டு கட்டுப்போட்டுக் கிடந்தார். அதனால் கூட இருந்து பார்த்துக்கொள்ள இவருடைய அக்கா வந்தார். மதினி மூன்று பையன்களை வளர்த்து ஆளாக்கியவர். குழந்தையைத் தூக்குகிற லாவகத்திலேயே அது தெரியும். எனக்கோ இதுதான் முதல் குழந்தை. துணி மாற்றவே மதினியைக் கூப்பிடுவேன்.

வயிற்றில் இருக்கும்போது எடுத்த ஸ்கேனில், குழந்தையின் கிட்னி இரண்டும் லேசாக வீங்கினாற்போலத் தெரிகிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நிறையக் குழந்தைகளுக்கு அது தானாகவே சரியாகிவிடும், பிறந்து இரண்டு நாள் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பையன் பிறந்ததும் நன்றாக அழுதான். அதற்கு மேல் எங்களுக்கு என்ன வேண்டும்?

அந்த இரண்டு நாளும் மதினிக்குப் பெருமை பிடிபடவில்லை. "எம் மூணு பயலுகளும் துணிய அவுத்தா எம் மூஞ்சியிலதான் பீச்சுவானுக. இவனப் பாரு, சொட்டுச் சொட்டா, யார் மேலயும் படாமப் போறான். நாசூக்கான புள்ளத்தா!" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனக்கும் அது நம் வீட்டுப் பிள்ளையின் ஒழுக்கமாகத்தான் தெரிந்தது. ஒரு துணிகூட முழுதாக நனைந்ததில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் அந்தச் சொட்டும் நின்றுவிட்டது. பால் குடிக்கவில்லை. வயிறு உப்பியிருந்தது. மதினி அவனை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்..." என்று சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாவும் சேர்ந்துகொண்டார். எதிர்க் கட்டிலில் இருந்தும் "ஸ்ஸ்ஸ்" கேட்டது. கொஞ்ச நேரத்தில் வார்டு முழுக்க குக்கர் வைத்த மாதிரி ஆகிவிட்டது. மற்ற பிள்ளைகள் எல்லாம் வரிசையாகத் துணியை நனைத்தன. என் பிள்ளை மட்டும் முகத்தைச் சுளித்து முக்கிக்கொண்டே இருந்தான். முதலில் சிரித்தவள் நான்தான். பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது.

டாக்டரம்மா வந்து அவன் தொப்புளுக்குக் கீழே விரலை வைத்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். உள்ளே பிஞ்சுக் கத்திரிக்காய் மாதிரி ஒன்று கெட்டியாக நின்றது. மூத்திரப்பை நிறைந்து இறுகிக் கிடக்கிறது என்றார். நூல் போல ஒரு மெல்லிய குழாயை அவனுக்குள் செலுத்தியதும் மூத்திரம் இறங்கிப் பையில் சேர்ந்தது. இறங்க இறங்க அவன் முகம் தெளிந்தது. ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "மூத்திரக் குழாய்ல வால்வு இருக்கு, அப்படித்தான் தெரியுது..." என்று ஆரம்பித்தார். அதற்குள் பிரசவ அறையிலிருந்து ஆள் ஓடி வர, "வந்து விவரமா சொல்றேன்" என்று போய்விட்டார்.

அந்தப் பாதி வாக்கியம்தான் ஜிலேபியானது.

மத்தியானம் ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரம்மா திரும்பி வந்தார். கிட்னி வடிகட்டி வெளியே தள்ள வேண்டிய கழிவு பிள்ளையின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகிறது, கிட்னி செயலிழந்துகொண்டிருக்கிறது, குழாய் போட்டது தற்காலிக வழிதான், மதுரையில் குழந்தைகளுக்கென்று இருக்கிற சர்ஜனிடம் இன்றைக்கே கொண்டு போய் அந்த வால்வை வெட்டிவிட வேண்டும், கிட்னிக்கும் அங்கேதான் வைத்தியம் பார்க்க முடியும் என்றார். ஆம்புலன்சுக்கும் சொல்லியாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி.

இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வால்வ வெட்டுறதா?"

"ஆமா."

"இருக்குற வால்வ எவனாச்சும் வெட்டுவானாம்மா? அடைச்சிருந்தா அடைப்ப எடுங்க. வால்வுல கை வைக்காதீக."

"அது இருக்கக் கூடாத வால்வுங்க. ஒரு சவ்வு. பிறவியிலேயே குறுக்க வளர்ந்திருக்கு."

"வால்வ எடுத்துட்டா தண்ணி நிக்காதும்மா. ஆயுசுக்கும் பய ஒழுகிக்கிட்டேல்ல இருப்பான்? பள்ளிக்கூடத்துல நாலு பேரு சிரிக்க மாட்டானுகளா?"

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த மாதிரி ஆகிவிட்டது அவர் பாடு. வால்வில் எத்தனை வகை உண்டு, எதை எங்கே போட வேண்டும் என்று இவர் அவருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். "இப்பத்தான் நல்லா வருதேம்மா. குழாய் இருக்கட்டும், ரெண்டு நாள் பாப்போம்" என்றார். மதினியும் தம்பி கட்சி. "வால்வப் பத்தி அவனுக்குத் தெரியாததா?" என்று என்னிடமே கேட்டார். இவர் சாதாரண நாளிலேயே தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற ஆள். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நேரம் போகுதும்மா, நீ சொல்லு" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்சை விசாரிக்கப் போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜிலேபி டப்பாவைத் தூக்கி அவர் மேலேயே எறிந்திருப்பேன். ஆனால் அவர் கண்ணைப் பார்த்தேன். பிடிவாதத்துக்குப் பின்னால் பயம் தெரிந்தது. மகனை நாலு பேர் நடுவில் ஈரத் துணியோடு மனசுக்குள் நிற்க வைத்துப் பார்த்துவிட்டார் மனுஷன், அவன் பிறந்து மூன்று நாளில். டீ வாங்கி வரச் சொல்லி மதினியை அனுப்பிவிட்டு, கட்டிலில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, இப்படி உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"மோட்டார் ஓடிட்டிருக்குதுங்க. மேல டெலிவரி பைப்புல கேட்வால்வ யாரோ இறுக்கி மூடிட்டாங்க. என்னாகுமுங்க?"

"எவன் மூடுனான்?"

"எவனோ மூடுனானுங்க. என்னாகும், சொல்லுங்க."

"தண்ணி போக வழியில்லாம பைப்பு உப்பும்."

"அப்புறமுங்க?"

"ஜாயிண்டுல பிச்சுக்கும். அதுக்குள்ள ஆஃப் பண்ணிரணும் புள்ள. இல்லேன்னா மோட்டார் சூடேறி காயில் கருகிப்..."

அங்கேயே நிறுத்திவிட்டார்.

"உங்க மகனுக்கு ரெண்டு மோட்டாருங்க. அவனுக்குள்ள இருக்கறது உங்க ஃபுட்வால்வு இல்லீங்க. மூடிக் கிடக்கற கேட்வால்வுங்க. அந்த ரெண்டு மோட்டாரையும் ஆஃப் பண்ண சுவிட்சு கிடையாதுங்க."

அவர் குழந்தையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். ரொம்ப மெதுவாக, "எம்புட்டு நாளா ஓடியிருக்கு?" என்று கேட்டார்.

"வயித்துக்குள்ள இருந்தப்பவே மூடித்தான் இருந்திருக்குதுங்க. மாசக்கணக்கா."

அவர் சட்டென்று எழுந்து ஓடினார். செருப்பு கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. கையெழுத்துப் போட்ட கையோடு டாக்டரம்மாவிடம், "மோட்டார் ரெண்டும் எரிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டிருக்கிறார். நாங்கள் பேசியதைக் கேட்காவிட்டாலும் அந்த அம்மாவுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. "ஒண்ணு ரொம்ப அடிவாங்கியிருக்கு. இன்னொண்ணு என்ன நிலைமையில இருக்குன்னு இப்ப சொல்ல முடியல. அதுக்குத்தான் ஓடுங்கன்னு சொல்றேன்" என்றாராம்.

மதுரை போகிற வழியெல்லாம் ஆம்புலன்சில் இவர் முட்டி போட்டபடிதான் வந்தார். மூத்திரப் பை குழந்தையை விடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதைத் தொங்கவிடக் கொக்கி இருந்தது. இவர் அதை நம்பவில்லை. சின்னாளபட்டி தாண்டும்போது, "மேல உக்காருங்க, காலு மரத்துடுமுங்க" என்றேன். "பள்ளத்துக்குத்தான புள்ள தண்ணி போகும்" என்று சொல்லிவிட்டுப் பையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார்.

மதுரையில், ரத்தத்தின் உப்புச் சத்துகளையெல்லாம் கொஞ்சம் சரிக்கட்டிய பிறகு, ஈர்க்குச்சி அளவு ஒரு கருவியை மூத்திரத் துவாரம் வழியாகவே விட்டு, அந்தச் சவ்வை வெட்டினார்கள். வெளியே ஒரு தையல்கூடக் கிடையாது. அடுத்து மூத்திரம் மடை திறந்த மாதிரி வந்தது. போகிற தண்ணீருக்கு ஈடாக ஊசி வழியே தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். சர்ஜன்தான் உட்கார வைத்துச் சொன்னார்: "தண்ணி வருது, ஆனா அழுக்கு வரல. கிட்னி இன்னும் வேலைக்கு வரல."

பிறகு வயிற்றில் ஒரு குழாய் போட்டார்கள். மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து, ரத்தத்தின் அழுக்கு அதில் இறங்கியதும் வடித்துவிடுவார்கள். மறுபடியும் விடுவார்கள். டயாலிசிஸ் என்றால் பெரிய மெஷின் என்று நினைத்திருந்தேன். அது இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும் என்று தெரியாது. அவன் நெஞ்சுக்கூடு என் உள்ளங்கை அளவுதான். பிழைப்பானா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்று பயம். பாலைப் பிழிந்து பிழிந்து கிண்ணத்தில் கொடுத்தேன். மூக்குக் குழாய் வழியாக ஊட்டினார்கள். இந்த நிலைமைக்குத் தாய்ப்பாலை விட நல்லது இல்லை என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். என் முறை முடிந்து இவர் போகும்போது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பேன். மனுஷன் வாய் அசைந்துகொண்டே இருக்கும். என்னதான் பேசுகிறார் என்று ஒரு நாள் கதவருகில் நின்று கேட்டேன். "ஏலே அப்பு, ஒண்ணுமில்லலே. மோட்டார்ல ஏர் பிடிச்சிருக்கு, அம்புட்டுத்தான். ரொம்ப நாள் நின்ன மோட்டார் உடனே தண்ணி எடுக்காது. செத்த நேரம் கத்தும். அப்புறம் கொப்புளிச்சு வரும். அவசரப்படாத. நான் எங்கயும் போகல." கிணற்று மேட்டில் நின்று விவசாயிக்குத் தைரியம் சொல்கிற அதே குரல். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த ஆளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதற்காக அன்றைக்கு நான் பழனி இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்த அழுக்கு ஒரு நாள் ஏறாமல் நின்றது. அடுத்த நாள் இறங்கியது. வயிற்றுக் குழாயை நிறுத்திப் பார்த்தார்கள், அப்போதும் இறங்கியது. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு இவர் வெளியே வந்து, "எடுத்துருச்சு புள்ள" என்றார். மோட்டார் தண்ணீர் எடுத்துவிட்டால் தோட்டத்தில் அப்படித்தான் கத்துவார்கள். இவரால் கத்த முடியவில்லை. என் தோளில் முகத்தை வைத்து, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதார்.

முழுதாக எடுக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஒரு கிட்னி போனது போனதுதான். இன்னொன்று பாதிக்கும் குறைவாக ஓடுகிறது. இப்போது பையன் பள்ளிக்கூடம் போகிறான். வகுப்பில் அவன்தான் குட்டை, வாய் மட்டும் நீளம். ராத்திரி ஒரு மருந்து, காலையில் சோடா மாத்திரை, சில மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுக்க மதுரை. பொட்டாசியம் ஏறுகிறதென்று வாழைப்பழமும் இளநீரும் ஆகாது. சிறுமலைப் பழத்தோடு வருகிற சொந்தக்காரர்களுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்தோடு வருகிறவர்களுக்கும் எங்கள் மேல் மனத்தாங்கல் உண்டு. மதினிதான் காவல். "சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன், நீ டப்பாவ மூடு" என்பார்.

போன தடவை போனபோது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பையன் வளர வளர இருக்கிற கிட்னி போதாமல் போகும். என்றைக்கு என்று சொல்ல முடியாது. அன்றைக்கு மாற்றுக் கிட்னி வைக்க வேண்டிவரும். பொருந்தினால் பெற்றவர்களில் ஒருவர் கொடுக்கலாம். ரத்தப் பிரிவு எங்கள் இரண்டு பேருடையதும் சேருகிறது. திரும்பி வரும் பஸ்ஸில் திண்டுக்கல் வரைக்கும் சண்டை.

"நானுங்க சுமந்தேன். நான்தானுங்க குடுப்பேன்."

"சுமந்தீகல்ல? போதும். எல்லாத்தையும் நீங்களே செஞ்சா நான் எதுக்கு இருக்கேன்? இது என் முறை." கேலிக்காகத்தான் எனக்கு அந்த மரியாதை. முன் சீட்டு அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார். சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்.

போன மாதம் ஒரு போர்வெல்லில் குழாய் இழுக்கும்போது இவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வண்டியிலிருந்து இறங்க முடியவில்லை. நானும் மதினியும் தாங்கிக் கொண்டுவந்து குப்புறப் படுக்க வைத்தோம். இந்தத் தொழிலில் இடுப்பு வலி புதிதில்லை. முன்பெல்லாம் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கடலை மிட்டாய் மாதிரி போட்டுக்கொள்வார். நான் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துப் போனேன். தலையை ஆட்டி வேண்டாமென்றார்.

"வலி மாத்திரை கிட்னியக் கெடுக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல."

"அது பையனுக்குக் குடுக்கக் கூடாதுன்னுங்க. உங்களுக்கு என்னங்க? ஒண்ணு போட்டா ஒண்ணும் ஆகாதுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பினார். வேர்த்துக் கொட்டியது. "என்னுதுன்னா போட்டுருவேன் புள்ள" என்றார். "இது அவன்து. நான் சும்மா வச்சிருக்கேன்."

நான் மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டேன். கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். வலி இடது பக்கம்தான் என்றார். எந்தப் பக்கத்தை எடுப்பார்கள் என்று தெரியாததால், நான் இரண்டு பக்கமும் சூடு பார்த்துப் பார்த்து, மெதுவாக ஒத்தடம் கொடுத்தேன்.